பூட்டு இருக்கு... சரி, வீடு யாருடையது?

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் நம் வீட்டுப் பெண்மணிகள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? அட்டையைத் திருப்பி ‘எக்ஸ்பயரி’ தேதியைத்தான்! பிறகு டாக்டர் எழுதிய பேரும் அட்டையில் அச்சடித்த பேரும் ஒண்ணுதானா என்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள். டானிக் பாட்டிலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தால், “வேற குடுப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் தானாக வந்த பழக்கம்.

ஆனால், அதே மாத்திரையை செல்போனில் ஆர்டர் செய்யும்போது இந்தப் பழக்கம் எங்கே போய்விடுகிறது? யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொடுகிறோம். கடையின் பெயரைக்கூடப் பார்க்காமல் டாக்டர் சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறோம். கார்டு நம்பரைத் தட்டுகிறோம். செல்போன் ‘இது பாதுகாப்பான இடமில்லை’ என்று சிவப்பு எழுத்தில் கத்தினாலும், ‘அது அப்படித்தான் சொல்லும்’ என்று தள்ளிவிட்டு உள்ளே போகிறோம்!

‘அட, இது உடல்நலப் பத்திரிகையாச்சே... இங்கே எதுக்கு கம்ப்யூட்டர் சமாச்சாரம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ரத்தப் பரிசோதனை முடிவு இன்று பேப்பரில் வருவதைவிட செல்போனில் வருவதுதான் அதிகம். ஸ்கேன் படம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்ஷூரன்ஸ் எல்லாமே இணையத்தில்தான். அப்படியானால் அந்த வாசற்கதவைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

இன்னொன்றையும் யோசியுங்கள். பாங்க் பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிவிடலாம். கார்டு தொலைந்தால் புதுக் கார்டு வாங்கலாம். ஆனால், கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற பெண்ணுக்கு வலிப்புக்கு மருந்து ஓடுகிறது என்ற செய்தி வெளியே போனால் அதை யாரால் திரும்ப வாங்க முடியும்? அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட ஒரு மோசடிக்காரன், “அந்த ஊசி எங்ககிட்டே பாதி விலைக்கு இருக்கு, அட்வான்ஸ் அனுப்புங்க” என்று போன் செய்தால், கலங்கிப்போயிருக்கிற குடும்பம் என்ன செய்யும்? நோயின் ரகசியம் ஒருமுறை போனால் போனதுதான்.

சான்றிதழ் என்றால் என்ன?

இணையத்தில் நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு விவரமும் பல கைகள் மாறித்தான் போய்ச் சேருகிறது. சாதாரண இணைப்பில் அது போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் கையில் எடுப்பவர் எல்லாரும் படித்துவிடலாம். ஏன், அழித்து வேறு எழுதியும் அனுப்பலாம்! பாதுகாப்பான இணைப்பு என்பது அரக்கு முத்திரை வைத்த உறை. சேர வேண்டியவர் மட்டுமே பிரிக்க முடியும். இணைய முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.’க்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ சேர்ந்திருந்தால் அது இந்த உறைதான். அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் 1994இல் இந்த ஏற்பாட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

சரி, உறைக்கு முத்திரை வைத்தாயிற்று. எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்பவர் சரியான ஆள்தானா? இங்கேதான் சான்றிதழ் வருகிறது. ஒரு டாக்டரை நாம் எப்படி நம்புகிறோம்? அவர் பதிவு செய்திருக்கிற மருத்துவக் கவுன்சிலை வைத்துத்தானே! அதுபோல, ‘இந்த முகவரி இவர் கையில்தான் இருக்கிறது’ என்று மூன்றாவது ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருகிற பத்திரம்தான் இணையதளச் சான்றிதழ். அப்படிக் கையெழுத்துப் போடத் தகுதியான நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உங்கள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் முன்கூட்டியே இருக்கிறது. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்த மாத்திரத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள் சான்றிதழை வாங்கி, பெயர் சரியா, தேதி சரியா, கையெழுத்து சரியா என்று பார்த்துவிடுகிறது. ஒன்று தவறினாலும் எச்சரிக்கிறது. உங்களுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிற காவல்காரர் அது. அவரைத்தான் நாம் ‘சும்மா இருய்யா’ என்று அதட்டுகிறோம்!

பூட்டு சொல்லாத விஷயம்

‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல இடம்’ என்று பல வருஷமாக எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். பத்திரிகைகள் எழுதின, பாங்க்குகளும் சொல்லின. இந்தப் பாடத்தை இனி மாற்றியாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் என்று கேளுங்கள். முன்பெல்லாம் சான்றிதழ் வாங்கப் பணம் கட்ட வேண்டும். 2015 டிசம்பரில் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற லாப நோக்கில்லாத அமைப்பு, யார் கேட்டாலும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. கேட்பவரின் கட்டுப்பாட்டில் அந்த முகவரி இருக்கிறதா என்று மட்டும் கம்ப்யூட்டரே சோதிக்கும், சில நிமிஷங்களில் சான்றிதழ் தயார். இதை நான் குறை சொல்லவில்லை. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் தடுப்பூசி போடுவது மாதிரி நல்ல காரியம். சின்ன ஊர் கிளினிக்கின் தளத்துக்கும் இன்று முத்திரை உறை கிடைப்பது இதனால்தான். ஆனால், திருடனுக்கும் தடுப்பூசி போட்டால் அவனுக்கு அம்மை வராது. அதற்காக அவன் நல்லவன் ஆகிவிடுவானா?

திருடர்களும் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களுடைய போலித் தளங்களிலும் பூட்டு தொங்கியது. ‘பூட்டைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள்’ என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. 2019 ஜூனிலேயே பொதுமக்களுக்கு அறிவிப்பு விட்டது. கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில் பூட்டுப் படத்தின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான்! கடைசியில் 2023 செப்டம்பரில், குரோமிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அந்த இடத்தில் இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக ஒரு சின்னப் படம் வந்தது.

ஆக, பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘நீங்களும் இந்த முகவரிக்காரரும் பேசுவதை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.’ அந்த முகவரிக்காரர் யோக்கியரா, அவர் விற்கிற மருந்து அசலா, பணம் வாங்கினால் சாமான் அனுப்புவாரா... இதெல்லாம் பூட்டுக்குத் தெரியாது. பாட்டில் மூடி உடையாமல் இருப்பதாலேயே உள்ளே இருப்பது சரியான மருந்து ஆகிவிடாது இல்லையா? மூடியையும் பார்க்க வேண்டும், லேபிளையும் பார்க்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகிறவரே ஏமாந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு சான்றிதழ் நிறுவனம். 2011இல் யாரோ அதன் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துவிட்டார்கள். கூகுள் பெயரில் போட்ட போலிச் சான்றிதழை வைத்து ஈரானில் உள்ளவர்களின் ஜிமெயில் உளவு பார்க்கப்பட்டது. விஷயம் வெளியானதும் உலகம் முழுக்க அந்த நிறுவனத்தை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் நிறுவனம் திவால்!

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் போயிருப்பது 2014 ஜூலையில் தெரியவந்தது. உடனே அந்தப் பிரிவின் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன.

‘அப்போ எதைத்தான் நம்புறது?’ என்று பயந்துவிடாதீர்கள். இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு கட்டுப்பாடு கூடியிருக்கிறது. புதிதாகத் தரும் சான்றிதழ்களை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 2018இலிருந்து குரோம் வற்புறுத்துகிறது. ஒரு சான்றிதழின் ஆயுள் 398 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் விதி வந்தது. அதையும் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் ஆக்குவது என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்திருக்கிறார்கள். ஆயுள் குறைந்தால் திருட்டுச் சான்றிதழும் சீக்கிரம் செத்துப்போகும் என்பதுதான் கணக்கு.

மூன்று எச்சரிக்கைகள்

சிவப்பு எழுத்தில் வருகிற எச்சரிக்கைகளில் முக்கியமானவை மூன்றே மூன்றுதான். மருந்துக் கடை பாஷையிலேயே சொல்லிவிடலாம்.

முதலாவது, தேதி முடிந்தது. காலாவதியான மாத்திரை மாதிரி. பெரும்பாலும் தளக்காரர் புதுப்பிக்க மறந்திருப்பார். இதற்கு முன்னால் உங்கள் செல்போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பேட்டரி செத்து எழுந்த பழைய போனில் தேதி பின்னால் போயிருந்தால் நல்ல தளமும் கெட்டதாகத் தெரியும். தேதியைச் சரிசெய்தும் எச்சரிக்கை வந்தால் கோளாறு அவர்கள் பக்கம்.

இரண்டாவது, பெயர் பொருந்தவில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைக் கவரைப் பிரித்தால் உள்ளே வேறு யாரோ பேர்! வாங்கிக்கொண்டு வருவீர்களா?

மூன்றாவது, கையெழுத்துப் போட்டவர் யாரென்று தெரியவில்லை. டாக்டர் சீட்டில் எந்தக் கவுன்சிலிலும் பதிவில்லாத ஒருவரின் கையெழுத்து. சில தளக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சான்றிதழ் எழுதிக்கொள்வதும் உண்டு. ‘நான் நல்லவன், இப்படிக்கு நான்’ என்பது போல!

இந்த மூன்றில் எது வந்தாலும் அங்கே பாஸ்வேர்டு, கார்டு நம்பர், ஆதார், டாக்டர் சீட்டு எதையும் கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலோ ரயில் நிலையத்திலோ இலவச வைஃபையில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், அந்த வைஃபையைத் துண்டித்துவிட்டு உங்கள் சொந்த டேட்டாவில் திறந்து பாருங்கள். இங்கே எச்சரிக்கை வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது அந்த வைஃபையைத்தான்.

ஒருவேளை யாராவது “இந்தச் சான்றிதழை உங்க போனில் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க, சரியாயிடும்” என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் ஏற்றுவது, உங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாத் தபாலையும் பிரித்துப் படிக்க அவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பார்ப்பது எப்படி?

தினமும் பார்க்க வேண்டியது சான்றிதழ் அல்ல, முகவரிதான். கடிதத்தின் உறையில் ஊர்ப் பெயர் கடைசியில்தானே வரும்? முன்னால் தெருப் பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், கடிதம் போய்ச் சேருவது கடைசி வரியில் உள்ள ஊருக்குத்தான். இணைய முகவரியும் அப்படியே. ‘எஸ்’ எழுத்துக்குப் பிறகு வரும் இரட்டைச் சாய்கோடுகளைத் தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அந்த ஒற்றைக் கோட்டுக்கு ஒட்டி முன்னால் இருக்கிற பெயர்தான் உண்மையான சொந்தக்காரர். முகவரியின் தொடக்கத்தில் உங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்து, கடைசியில் ‘சலுகை’, ‘ரிப்போர்ட்’ என்று வேறு ஏதோ ஒரு பெயரும் டாட் காமும் இருந்தால், அது ஆஸ்பத்திரி இல்லை, ஆஸ்பத்திரி பெயரில் போர்டு மாட்டிய வேறொருவர். ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ, ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டோ இருந்தாலும் கதை அதே!

சந்தேகம் வந்தால் சான்றிதழையும் பார்த்துவிடலாம், ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னப் படத்தைத் தொடுங்கள். இணைப்பு பாதுகாப்பானது என்ற வரி வரும். அதைத் தொட்டு உள்ளே போனால் சான்றிதழ். அதில் மூன்று விவரம் போதும்: யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை. சில சான்றிதழ்களில் முகவரியோடு நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அதைத் தருமுன் நிறுவனத்தின் பதிவையும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். வெறும் முகவரி மட்டும் இருந்தால் தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால், மற்ற விவரங்களை நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கத் தளம் என்றால் முகவரி பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். இது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். பாங்க்குகளுக்கும் ரிசர்வ் வங்கி ‘பேங்க் டாட் இன்’ என்று தனி முகவரி ஏற்படுத்தி, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா பாங்க்குகளும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. மருந்துக் கடைக்கும் பரிசோதனை நிலையத்துக்கும் இப்படி ஒரு தனி முகவரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அரசு யோசிக்க வேண்டிய விஷயம் இது.

“பரவாயில்லை, உள்ளே போங்க!”

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். ஒரு பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் பார்க்க லிங்க் அனுப்பினார்கள். திறந்தால் ‘சான்றிதழ் தேதி முடிந்தது’ என்ற எச்சரிக்கை. போன் செய்து கேட்டேன். “அது ரெண்டு மாசமாவே அப்படித்தான் வருது ஸார். கீழே ‘அட்வான்ஸ்டு’னு இருக்கும், அதை அமுக்கிட்டு உள்ளே போங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் அந்தப் பெண். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். காலாவதியான ஊசி மருந்தைக் காட்டி, “ரெண்டு மாசம்தானே ஆச்சு, போட்டுக்கோங்க” என்று அதே நிலையம் சொல்லுமா? இப்படிச் சொல்லிச் சொல்லி, எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கத்தை நோயாளிகளுக்கு அவர்களே ஊட்டுகிறார்கள். நாளைக்கு நிஜத் திருடன் வந்து நிற்கும்போது அந்த விரல் தானாக அதே பட்டனைத்தான் அமுக்கும். சான்றிதழைப் புதுப்பிப்பது இன்று இலவசம், தானாகவே புதுப்பிக்கும்படி ஏற்பாடும் செய்யலாம். இதைச் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் தொழில்நுட்பக் கோளாறு இல்லை, அலட்சியம்.

நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் விவரங்களுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். “சரி பண்ணுங்க, அதுவரைக்கும் பேப்பரில் குடுங்க” என்று நாலு நோயாளிகள் கேட்டால் ஐந்தாம் நாள் சரியாகிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் டாக்டர், மருந்துக் கடை, லேப், இன்ஷூரன்ஸ் ஆகியோரின் சரியான முகவரிகளை அவர்களின் ரசீதிலிருந்தோ நேரில் கேட்டோ வாங்கி, போனில் சேமித்து வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாமல் இந்தப் பட்டியலிலிருந்தே திறக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. ‘ஆப்’ என்றால் அதில் சான்றிதழ் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே யாரோ அனுப்பிய ஃபைலிலிருந்து ஏற்றாமல், முறையான ஸ்டோரில் வெளியிட்டவர் பெயரைப் பார்த்து ஏற்றுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போனைக் குடுங்க” என்று பிடுங்காதீர்கள். திட்டு வாங்கின பெரியவர் அடுத்த தடவை தப்பு நடந்தால் சொல்லவே மாட்டார், மறைத்துவிடுவார். “சிவப்பு எழுத்து வந்தா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்கப்பா” என்ற ஒரு வரி போதும். அவர் கூப்பிடும்போது எரிந்து விழாமல் இருப்பது உங்கள் பொறுப்பு!

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் அது. மாரடைப்புக்குச் சொல்வோமே, முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்று... இதற்கும் அதே கணக்குதான். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்பும் முன்னால் ஐந்தே விநாடி விரலை நிறுத்துங்கள். பூட்டு இருக்கா என்பதோடு திருப்திப்படாமல், வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிற கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கண்ணைக் கொஞ்சம் செல்போன் பக்கமும் திருப்புங்கள், அவ்வளவுதான்!